அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆறு பேர்

புதிதாகக் கிளைப் பொறுப்பு ஏற்றிருக்கும் தம்பி தங்கைகளே,

உங்கள் கைபேசியில் இப்போது ஒரு செயலி இருக்கிறதாமே. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நிமிடம் வேலை பார்த்தார், எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடுகிறதாம். நல்லது. அது வருவதற்கு முன்னால் நம் பலசரக்குக் கடை நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன் நான். கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு ரேக் ரேக்காக நடப்பேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என்னைப் பற்றி நானே பெருமையாகப் பேச எனக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று கிளைக்கும் இன்று சரக்கு போய்ச் சேருகிற முறை நான் போட்டது. குடோனில் பெட்டி நிரப்புகிற முறையும் நான் போட்டது. ஆனால் அதை நான் கண்டுபிடித்தது சாமர்த்தியத்தால் இல்லை. ஒரு பெரிய தப்பைச் செய்து, அதில் மாட்டிக்கொண்டு, வெளியே வர வழி தெரியாமல் முழித்ததால். அந்தக் கதையை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். நானே சொல்கிறேன்.

கல்ஃபில் ஒரு பெரிய ஹைப்பர் மார்க்கெட்டில் ஒன்பது வருடம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அங்கிருந்து திரும்பும்போது ஒரு வியாதி பிடிக்கும். ஊரில் யாருக்கும் வேலை செய்யத் தெரியாது என்கிற வியாதி. விமானத்திலேயே தொற்றிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். எனக்கு அது முற்றிப் போயிருந்தது. 'அங்க எல்லாம் இப்பிடியா' என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவேன்.

அப்போது நாகர்கோவில் கிளையில் ஒரு தொல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கூட்டம் வரும். அந்த நேரத்தில் பார்த்து ரேக்குகள் காலியாகக் கிடக்கும். வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டு, இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்திருந்த பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். ரேக் அடுக்குகிற பிரிவில் பதினான்கு பெண்கள். இத்தனை பேர் இருந்தும் ரேக் காலி என்றால் யாரோ வேலை செய்யவில்லை என்று முதலாளி கணக்குப் போட்டார். யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார்.

ஒரு வாரம் வாட்சும் கையுமாக நின்றேன். கண்டுபிடித்தேன். கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகள் அடுக்கி வைத்திருப்போம். காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரைக்கும் ஆறு பெண்கள் அந்த மூட்டைமேல் உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தார்கள். முட்டத்திலிருந்தும் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும் முதல் பஸ்ஸில் வருகிறவர்கள். எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரையும்விட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நிமிடக் கணக்கோடு அறிக்கை எழுதி, கடைசியில் 'ஆறு பேர் அதிகம்' என்று போட்டு, அந்த ஆறு பெயரையும் என் கையாலேயே வரிசையாக எழுதினேன். முதலாளி படித்துவிட்டு முதுகில் தட்டினார். கிறிஸ்மஸ் முடியட்டும், ஜனவரியிலிருந்து அவர்கள் வரவேண்டாம் என்று முடிவானது. அதுவரை விஷயம் வெளியே போகக் கூடாது என்றார். நானும் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

ஒரு கடையில் எது வேண்டுமானாலும் தங்கும், ரகசியம் தங்காது. மூன்றாம் நாள் காலையில் பிலோமினா என் அறை வாசலில் வந்து நின்றாள். என் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. முட்டத்துக்காரி, நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். கடைக்கு வருவதற்கு முன்னால் பல வருடம் மீன் விற்றவள். அவளுடைய சம்பளத்தை நம்பித்தான் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்து நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவள் அழவில்லை.

"சாரே, நாங்க உக்காந்து இருக்கது உள்ளதுதான். எதுக்கு உக்காந்து இருக்கோம்னு நீங்க ஒருக்கக்கூட கேக்கலியே" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், உங்களில் சிலருக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன், நிமிடக் கணக்கு இருக்கிறது, பார்க்கிறாயா என்று கத்தினேன். அவள் குரல் உயரவில்லை.

"கடப்புறத்துல மீன் கடவத்த வச்சிட்டுக் காத்து இருக்க பொம்பளையளப் பாத்து மடிச்சி, சோம்பேறின்னு யாரும் சொல்லமாட்டாவ. வள்ளம் இன்னும் வரல்லன்னுதான் சொல்லுவாவ."

சொல்லிவிட்டு அடையாள அட்டையைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தாள். நீங்கள் போகச் சொல்லுகிற வரைக்கும் நான் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயே விட்டாள். திமிர் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

ஆனால் அவள் சொன்ன அந்த மீன்பிடி வள்ளம் மனசைவிட்டுப் போகவில்லை. எங்கள் கடைக்கு வள்ளம் என்றால் குடோனிலிருந்து சரக்கு ஏற்றி வருகிற டெம்போ. அது நாகர்கோவில் கிளைக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றரை. ஏன் பதினொன்றரை என்று யாரிடமும் போய்க் கேட்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அந்த நேரத்தைப் போட்டதே நான். காலையில் பள்ளிக்கூட பஸ்ஸும் ஆபீஸ் கூட்டமும் ஊரை அடைத்துக்கொண்டு நிற்கும், அதனால் வண்டி விடிந்ததும் நாகர்கோவிலிலேயே இருக்கும் கோட்டாற்று குடோனிலிருந்து கிளம்பி நேரே குளச்சல் போகட்டும், அங்கிருந்து தக்கலை, கூட்டம் குறைந்த பிறகு கடைசியாக நாகர்கோவில் என்று நான்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் வழி மாற்றியிருந்தேன். காகிதத்தில் அழகாக இருந்தது. அதற்கும் முதலாளி முதுகில் தட்டியிருந்தார்.

மறுநாள் அதே டெம்போவில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடோனில் சரக்கு ஏற்றுவதைப் பார்த்தேன். பில்லில் இருக்கிற வரிசையில் ஏற்றினார்கள். சோப்புக்குமேல் ஊறுகாய், ஊறுகாய்க்குப் பக்கத்தில் பிஸ்கட், அதற்கடியில் எங்கேயோ பருப்பு. தக்கலையில் நெரிசலில் நின்றபோது டிரைவரின் போன் அடித்தது. நாகர்கோவில் கிளையில் எண்ணெய் ரேக் காலி, வண்டி எங்கே என்று கேட்டார்கள். இந்த நேரத்துக்குத் தினமும் இந்த போன் வரும் சார் என்றார் டிரைவர் சாதாரணமாக. ஆறு மாதமாக வந்துகொண்டிருந்த போன். என் காதுக்கு அன்றைக்குத்தான் எட்டியது.

பதினொன்றரைக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாம் கலந்து கிடக்கிற சரக்கை, வாடிக்கையாளர்கள் நடமாடுகிற நேரத்தில், வழியில் போட்டுப் பிரித்தார்கள். நடுவில் 'அக்கா, இந்த ஷாம்பு எங்க இருக்கு' என்று ஒருவர் கூப்பிட்டால் எழுந்து போகவேண்டும். பிரித்து முடிக்கவே மூன்று மணி. அடுக்கத் தொடங்கும்போது சாயங்காலக் கூட்டம். கல்ஃபில் விடிவதற்குள் சரக்கு வந்து நிற்கும். அங்கே ஒருவன் உட்கார்ந்திருந்தால் அவன் சோம்பேறிதான், சந்தேகம் வேண்டாம். அந்தக் கணக்கைக் கொண்டுவந்து, வண்டியைக் காலையில் வரவிடாமல் செய்த அதே கையால், வண்டிக்குக் காத்திருந்தவர்கள்மேல் போட்டிருந்தேன்.

முதலாளியிடம் போய் என் அறிக்கை தப்பு என்றேன். அவர் பட்டென்று கண்ணாடியைக் கழற்றினார்.

"நீருதானே வே எழுதினீரு? கிறிஸ்மஸ் வாரம் வருது. இப்ப வந்து நான் எழுதினது தப்புன்னு சொன்னா, ஒமக்க எந்தப் பேச்ச நான் நம்ப?"

நியாயமான கேள்வி. வண்டியின் வழியை மாற்றுகிறேன், ஆள் ஒருவரைக்கூடக் கூட்டவேண்டாம், கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் வந்து ரேக்கைப் பாருங்கள் என்றேன். ஒரு ரேக் காலியாக இருந்தாலும் அந்த ஆறு பேரோடு ஏழாவதாக என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். வாய் முந்திவிட்டது. ஆனால் சொன்ன பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, சரி, எழுதியாச்சு என்றார்.

வழியை மாற்றுவது சுலபமாக இருந்தது. முட்டம் பஸ் வந்து சேருகிற நேரத்துக்கே டெம்போவும் நாகர்கோவில் கிளைக்கு வரும்படி செய்தேன். பள்ளிக்கூட பஸ்ஸும் ஆபீஸ் கூட்டமும் ரோட்டை அடைக்கும் முன்பே வண்டி உள்ளே வந்துவிட்டது. அதோடு ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு பெட்டி என்று குடோனிலேயே பிரித்து நிரப்பச் சொன்னேன். முதல் நாளே அது சிரிப்பாய்ச் சிரித்தது. குடோன்காரர்கள் ஒருநாளும் ரேக் முன்னால் நின்றவர்கள் இல்லை. பச்சைப்பிள்ளைக்குப் போடுகிற பவுடரைப் புட்டுமாவோடு வைத்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் மறுபடி கொட்டிப் பிரிக்கவேண்டி வந்தது. ரேக்கைத் தினமும் அடுக்குகிறவர்களால் மட்டும்தான் அந்தப் பெட்டியை நிரப்ப முடியும் என்று அப்போது விளங்கியது.

மீதி இருந்த ஐந்து பேரைக் கூப்பிட்டு, மத்தியானத்துக்கு மேல் கோட்டாறு போய் மறுநாள் சரக்கைப் பிரித்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர்களில் ஒருத்தி, இன்றைக்குக் குடோனுக்குப் போகச் சொல்வீர்கள், நாளைக்கு வீட்டுக்குப் போகச் சொல்வீர்கள், பிலோமினாக்கா வந்தால் வருகிறோம் என்றாள். அதட்டிப் பார்த்தேன். அதட்டலுக்குப் பயப்படுகிற கட்டத்தை அவர்கள் தாண்டிவிட்டார்கள். கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருந்தது.

சனிக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு முட்டத்துக்குப் போனேன். பிலோமினா வேலையை விட்ட மறுநாளே பழையபடி மீனுக்குப் போயிருந்தாள். கரையில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தபோது வள்ளம் இன்னும் வரவில்லை. பெண்கள் ஓலைக் கடவங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வள்ளம் கரையைத் தொட்டதும் யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. நெத்திலி ஒரு பக்கம், சாளை ஒரு பக்கம், அயிலை ஒரு பக்கம் என்று மணலிலேயே இனம் பிரித்துவிட்டுத்தான் ஏலத்துக்கே போனார்கள். கலந்து கிடக்கிற கடவத்தை ஒருத்தியும் மேலே தூக்கிக்கொண்டு போகவில்லை. சின்ன வயதிலேயே நாகர்கோவிலில் மீன் தின்று வளர்ந்தவன் நான். இதை நின்று பார்த்ததே இல்லை.

வேலை முடிந்து அவள் வந்ததும், நான் எழுதியது தப்பு, நீ திரும்பி வரவேண்டும் என்றேன். எனக்கு இப்படிப் பேசிப் பழக்கம் இல்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எங்க ஆறு பேருக்க பேரையும் நீங்க எழுதிக் குடுத்திய. தப்புன்னு சொல்லுகத மட்டும் இஞ்ச மணல்ல வச்சு எனக்க காதுல சொன்னா எப்பிடி சாரே? எழுதினத எல்லாருக்கும் முன்னால வாசியுங்க. நான் வாறேன்."

என்னால் முடியாது என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் நின்று தப்பை ஒப்புக்கொண்டுவிட்டு, அப்புறம் யாரை வேலை வாங்குவது? கோபமாகப் பைக்கைக் கிளப்பிவிட்டேன். பாதி வழியில் இருக்கும் அம்மாண்டிவிளை வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அங்கே ஒரு டீ குடிக்க நிறுத்தினேன். டீ வந்தது, குடிக்கத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு மறுக்க ஒரு காரணம்தான் இருந்தது. மானம் போய்விடும். அவர்களுக்குப் போகவிருந்தது வேலை. அதுவும் என் கையெழுத்தால். டீயை அப்படியே வைத்துவிட்டுப் பைக்கைத் திருப்பினேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பின்கட்டில் எல்லோரும் நின்றார்கள். பில்லிங் பெண்கள், காவலாளி, குடோன் ஆட்கள் உட்பட. பிலோமினா கடைசி வரிசையில் நின்றாள். என்னிடம் இருந்த அறிக்கை நகலைப் பிரித்து ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஆறு பேர் அதிகம் என்ற இடம் வந்தது. ஒவ்வொரு பெயராக வாசித்தேன். பெயருக்கு உரியவள் எதிரே நின்று என்னையே பார்க்கும்போது அந்தப் பெயரை வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மூன்றாவது பெயரில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசித்தேன்.

பிறகு சொன்னேன். இவர்கள் உட்கார்ந்திருந்தது சரக்கு வராததால். சரக்கு வராமல் இருந்தது நான் வண்டியின் வழியை மாற்றியதால். ரேக் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் நான். இருபத்தினாலாம் தேதி சாயங்காலம் முதலாளி வந்து பார்ப்பார், அன்றைக்கு ரேக் காலியாக இருந்தால் இந்த ஆறு பெயரோடு ஏழாவது பெயர் என்னுடையது. வாசலில் டெம்போ வந்து ஹாரன் அடித்தது. பிலோமினா முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனாள்.

அந்த வாரத்தைப் பற்றி எழுதினால் நான் நிறுத்தமாட்டேன். மத்தியானம் ஆறு பேரும் கோட்டாறு போவார்கள். மறுநாள் சரக்கை ரேக் வாரியாகப் பெட்டியில் நிரப்பிவிட்டு அங்கிருந்தே ஊருக்கு பஸ் ஏறுவார்கள். காலையில் பெட்டி நேரே ரேக்குக்குப் போகும். கடை திறப்பதற்குள் எல்லாம் அடுக்கி முடிந்துவிடும். அதே பதினான்கு பேர்தான். ஓட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. நான் வாட்சைக் கழற்றி மேஜைக்குள் போட்டுவிட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட நான் தயங்கினேன். கிறிஸ்மஸுக்கு எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்து சுடுவார்கள், அதற்குப் பாசிப்பயறு வேண்டும். முந்தைய மாத விற்பனையைப் பார்த்துக் கம்ப்யூட்டர் இரண்டு மூட்டை போதும் என்றது. பிலோமினா எட்டு மூட்டை வேண்டும் என்றாள். விற்காவிட்டால் பயறு மூட்டைகள் குடோனை அடைத்துக்கொண்டு கிடக்கும், முதலாளி என்னை அதன்மேலேயே உட்கார வைத்துவிடுவார். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். போன வருடம் இருபத்தொன்றாம் தேதியே பயறு தீர்ந்துபோய், கேட்டு வந்தவர்களுக்கு இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது என்றாள். ரேக்கில் இல்லாமல் போனது விற்பனைக் கணக்கில் எப்படி வரும்? எட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். இருபத்து மூன்றாம் தேதி மற்ற கடைகளில் பயறு இல்லை என்று தேடி வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். தம்பி தங்கைகளே, உங்கள் செயலி விற்றதை மட்டும்தான் எண்ணும். கேட்டுவிட்டு இல்லாமல் திரும்பிப் போனவரை ரேக் முன்னால் நிற்பவர்தான் எண்ணுவார். அவரிடம் கேளுங்கள்.

இருபத்தினாலாம் தேதி ஆறு மணிக்கு முதலாளி வந்தார். நிற்க இடமில்லாத கூட்டம். அவர் ஒரு ரேக் விடாமல் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். மைதா இருந்தது, உலர்திராட்சை இருந்தது, பயறுகூட ஒரு மூட்டை மீதி இருந்தது. கடைசி ரேக் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து என் அறிக்கையை எடுத்து நாலாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். ஏழு பேரும் வேலையைப் பாருங்க வே என்றார். அவர் பாராட்டுகிற விதம் அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிலோமினாவைத் தேடிப் போனேன். எண்ணெய் ரேக்கில் பாட்டில்களை முன்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் ஆறு பேர் வேலைக்கும் இனி ஒரு குறையும் வராது, முதலாளியே அறிக்கையைக் கிழித்துவிட்டார் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கை வேலையை நிறுத்தவும் இல்லை.

"தப்பு உங்களுக்கதுன்னு நீங்க எல்லாருக்கும் முன்னால சொன்ன அண்ணைக்கே எங்க வேல போவாதுன்னு எங்களுக்குத் தெரியும் சாரே. இந்த ஒரு வாரமா நாங்க கெடந்து பாடுபட்டது உங்களுக்க வேலைக்கு" என்றாள்.